'மேக்' என்னும் ஏவலாள் – ஒரு மதிப்பீடு

சட்னியில் உப்புக் குறைந்துவிட்டது என்பதற்காக எந்த வீட்டிலும் அரிசியை மறுபடி ஊறப் போடுவதில்லை. சட்னியில் மட்டும் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக் கலக்கிவிட்டு இலையைப் போடுவார்கள். ஆனால் முதல் நாள் மாவு அரைக்கும்போது உளுந்து போட மறந்திருந்தால்? அந்த மாவும் உதவாது, அதில் அவித்த இட்லியும் உதவாது. இரண்டையும் மறுபடி செய்தாக வேண்டும். சட்னிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எது மாறினால் எதை மறுபடி செய்ய வேண்டும், எதைத் தொடாமல் விட்டுவிடலாம் என்னும் இந்தக் கணக்கை யாரும் எழுதி வைத்துக்கொண்டு சமைப்பதில்லை. அது மனத்திலேயே இருக்கிறது.

கணிப்பொறியில் வேலை செய்பவருக்கும் இதே கணக்கு ஓயாமல் வருகிறது. அங்கே பண்டங்கள் நான்கல்ல, நானூறாக இருக்கும். மனம் தாங்காது. அந்தச் சுமையை மனிதனிடமிருந்து வாங்கிக்கொள்வதற்கென்றே ஒரு நிரல் உண்டு. அதன் பெயர் 'மேக்'. 1976-இல் பிறந்த இந்த நிரல் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. லினக்ஸ் இயக்க அமைப்பின் கருவை உருவாக்கும் பணியை இன்றும் இதுவே நடத்துகிறது. இத்தனை ஆண்டு நிலைத்த கருவியைப் புகழ்வது எளிது. அதை எதுவரை நம்பலாம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மென்பொருள் எழுதுவோருக்கு மட்டுமன்றி, சோதனைக்கூடத்தில் அளவெடுத்துக் கணிப்பொறியில் கணக்கிடும் அறிவியல் மாணவர்க்கும் இக்கேள்வி உரியது.

வீணான ஒரு காலைப்பொழுது

பெரிய நிரல் ஒன்றை ஒரே கோப்பில் எழுதுவதில்லை. பல கோப்புகளாகப் பிரித்து எழுதுவார்கள். மனிதர் படிக்கக்கூடிய ஒவ்வொரு கோப்பையும் 'கம்பைலர்' என்னும் மொழிமாற்றி நிரல் பொறிமொழிக்கு மாற்றித் தனித்தனி இடைக்கோப்பாகத் தரும். கடைசியில் எல்லா இடைக்கோப்புகளையும் இணைத்தால் ஓடக்கூடிய நிரல் கிடைக்கும். நூறு கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விநாடி என்று கொண்டால் மொத்தம் ஐந்து நிமிடம் ஆகும். ஒரே ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தியதற்காக ஐந்து நிமிடம் காத்திருப்பானேன்? திருத்திய கோப்பை மட்டும் மாற்றி, பழைய தொண்ணூற்றொன்பதுடன் இணைத்தால் வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆகவே நிரலர்கள் எதை மாற்றினோம் என்று நினைவில் வைத்துக்கொண்டு அதை மட்டும் கம்பைலருக்குக் கொடுத்து வந்தனர். நினைவு தவறினால் வந்தது வினை.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் நடந்தது. 'யாக்' என்னும் புகழ்பெற்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் கோபத்துடன் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். காலைப்பொழுது முழுவதும் அவர் ஒரு பிழையைத் தேடி அலைந்திருந்தார். உண்மையில் பிழையை அவர் ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மீண்டும் கம்பைல் செய்ய மட்டும் விட்டுப்போயிற்று. சரியான நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்! ஃபெல்ட்மனும் முதல் நாள் மாலையில் இதே வகைத் தொல்லையில் சிக்கியிருந்தார். முதலில் பெரிய திட்டமாக ஒன்றை யோசித்து, பிறகு அதைச் சுருக்கி, அந்த வார இறுதியிலேயே ஃபெல்ட்மன் எழுதி முடித்த சிறு நிரல்தான் மேக். (இவர் பிரின்ஸ்டனில் வான் இயற்பியல் படித்துவிட்டுக் கணிப்பொறிக்கு வந்தவர் என்பதில் நம் துறைக்கு ஒரு சிறு பெருமை.) இதற்காக 2003-இல் ஏ.சி.எம். என்னும் கணிப்பொறிக் கழகம் அவருக்கு மென்பொருள் அமைப்புக்கான விருதை அளித்தது.

கடைசியிலிருந்து தொடங்கும் முறை

மேக் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை நம் ஆய்வகத்து ஊசல் சோதனையைக் கொண்டே பார்ப்போம். மாணவர் ஒருவர் ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து ஒரு கோப்பில் எழுதுகிறார். அதற்கு 'அளவீடு' என்று பெயர் வைப்போம். 'கணக்கு' என்னும் நிரல் அதைப் படித்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணித்து 'முடிவு' என்னும் கோப்பில் எழுதுகிறது. 'வரைவி' என்னும் நிரல் முடிவைக் கொண்டு வரைபடம் தீட்டுகிறது. வரைபடமும் முடிவும் மாணவர் எழுதிய கட்டுரையும் சேர்ந்து அறிக்கையாகின்றன. மேக்கிடம் இதை இப்படிச் சொல்ல வேண்டும்:

அறிக்கை : வரைபடம் முடிவு கட்டுரை
வரைபடம் : முடிவு வரைவி
முடிவு : அளவீடு கணக்கு

முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பது இலக்கு. வலப்பக்கம் இருப்பவை அதற்கு வேண்டிய பண்டங்கள். ஒவ்வொரு வரிக்கும் கீழே, இலக்கைச் செய்வதற்கான கட்டளையை எழுத வேண்டும். இம்மூன்றும் சேர்ந்தது ஒரு விதி. விதிகளை எந்த வரிசையில் எழுதினாலும் ஒன்றுதான். 'முதலில் இது, அடுத்து அது' என்று நாம் எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இங்கேதான் மேக்கின் அழகு இருக்கிறது.

'அறிக்கை வேண்டும்' என்று கேட்டால் மேக் கடைசியிலிருந்து பின்னோக்கி நடக்கிறது. அறிக்கைக்கு வரைபடம் வேண்டும். வரைபடத்துக்கு முடிவு வேண்டும். முடிவுக்கு அளவீடு வேண்டும். அளவீட்டுக்கு விதி எதுவும் இல்லை, அது மனிதன் தந்தது. அங்கே நின்று திரும்பி, தேவையானவற்றை மட்டும் வரிசையாகச் செய்துகொண்டு வருகிறது. கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி எழுதிய பட்டியல் ஒவ்வொரு தடவையும் தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றையும் செய்யும். மேக் அப்படியன்று. கட்டுரையில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால் அது கணக்கு நிரலைத் தொடவே தொடாது.

இந்த முறையிலிருந்து வேறு பல நன்மைகள் தாமாகவே விளைந்தன. ஒன்றையொன்று சாராத வேலைகள் எவை என்று மேக்குக்குத் தெரியும். ஆதலால் '-ஜே 4' என்று சொன்னால் நான்கு வேலைகள் வரை ஒரே சமயத்தில் நடத்தும். அ என்பதற்கு ஆ வேண்டும், ஆ என்பதற்கு அ வேண்டும் என்று நாம் குழப்பி எழுதினால் வட்டத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்கும். '-என்' என்று கேட்டால், எதையும் செய்யாமல், என்னென்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். செய்வதற்கு முன் சொல்லிக்காட்டும் ஏவலாள் கிடைப்பது அரிது!

கடிகாரத்தை நம்பலாமா?

ஒரு பண்டம் மாறிவிட்டது என்று மேக் எப்படி அறிகிறது? ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்னும் நேரத்தைக் கணிப்பொறி குறித்து வைத்திருக்கும். இலக்கின் நேரத்தைவிடப் பண்டத்தின் நேரம் பிந்தியதாக இருந்தால் இலக்கு பழையது. மறுபடி செய்ய வேண்டும். இவ்வளவுதான். மேக் தனக்கென்று ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் கடிகாரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. சிக்கனத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் இயற்பியல் படித்தவர் இங்கே சற்றுத் தயங்க வேண்டும். முன்னது, பின்னது என்பது வேறு; காரணம், காரியம் என்பது வேறு. மேக் முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகிக்கிறது.

இந்த ஊகம் இரு வழியில் தவறலாம். கோப்பைத் திறந்து எதையும் மாற்றாமலே மீண்டும் சேமித்தால் நேரம் மட்டும் புதிதாகும். மேக் வீணாக வேலை செய்யும். இதனால் மின்சாரமும் பொழுதும் கொஞ்சம் போகும், வேறு தீங்கில்லை. மற்ற வழியில் தவறினால்தான் ஆபத்து: பண்டம் மாறியிருக்கும், மேக் மாறவில்லை என்று எண்ணிவிடும்.

எப்படி நேரும்? இரண்டு கணிப்பொறிகளில் வேலை நடப்பதாகக் கொள்ளுங்கள். வீட்டுக் கணிப்பொறியின் கடிகாரம் ஐந்து நிமிடம் பிந்தி ஓடுகிறது. கல்லூரியில் சரியாகப் பத்து மணிக்கு 'முடிவு' உருவாகிறது. 10.03-க்கு வீட்டிலிருக்கும் நண்பர் அளவீட்டைத் திருத்தி, நேரக்குறிப்பு மாறாமல் அனுப்புகிறார். அதில் பதிவாகியிருக்கும் நேரம் 9.58. முடிவைவிட அளவீடு இரண்டு நிமிடம் பழையது என்று மேக் தீர்மானித்து, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். அல்லது, அளவீட்டுக் கோப்பு கெட்டுப்போய், சென்ற வாரத்துப் பிரதியைப் பழைய தேதியோடு எடுத்து வைக்கிறீர்கள். உள்ளடக்கம் மாறிவிட்டது, தேதியோ பின்னோக்கிப் போயிருக்கிறது. இதையும் மேக் அறியாது.

கடிகாரம் சரியாக இருந்தாலும் அதற்கு ஒரு மீச்சிற்றளவு உண்டு. வெர்னியர் அளவுகோலைக் கையிலெடுக்குமுன் மீச்சிற்றளவைக் கேட்கும் நாம் கணிப்பொறிக் கடிகாரத்தை அவ்வாறு கேட்பதில்லை. பழைய யூனிக்ஸ் கோப்பு நேரத்தை முழு விநாடியில்தான் குறித்தது. ஃபேட் என்னும் கோப்பு முறையில் மாற்ற நேரத்தின் மீச்சிற்றளவு இரண்டு விநாடி. அந்த இடைவெளிக்குள் இலக்கும் உருவாகி, பண்டமும் மறுபடி மாறிவிட்டால் இரண்டின் நேரமும் சமம். சமமென்றால் மேக் வேலை செய்யாது. கம்பைலர் ஒரு கோப்புக்குப் பல விநாடிகள் எடுத்துக்கொண்ட காலத்தில் இது பொருட்டாக இல்லை. பொறிகள் வேகமாக ஆக ஆக இந்தச் சிறு ஓட்டை பெரிதாகிவிட்டது. இன்றைய கோப்பு முறைகள் பல, நேரத்தை விநாடியின் மிக நுண்ணிய பின்னங்களில் குறிப்பதால் இடர் குறைந்திருக்கிறது.

இது வெறும் நுணுக்கம் என்று தோன்றலாம். எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீள ஊசல். மாணவர் இருபது அலைவுகள் என்று எண்ணிக்கொண்டு 38.13 விநாடி என்று குறிக்கிறார். முடுக்கம் 10.86 என்று வருகிறது. எண்ணியதில் தவறு, பத்தொன்பதுதான் என்று பிறகு தெரிந்து திருத்துகிறார். இப்போது 9.80 வரவேண்டும். கட்டுரைக் கோப்பில் 9.80 என்று கையால் எழுதியும்விடுகிறார். ஆனால் மேக் பழைய வரைபடத்தையே வைத்து அறிக்கையைக் கட்டுகிறது. பக்கத்தில் ஒரு மதிப்பு, படத்தில் வேறொரு மதிப்பு. தேர்வாளர் கேட்டால், மாணவர் ஏமாற்றியதாகவே தோன்றும். அவரோ எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்.

சொல்லாததை அறியாது

மேக் நாம் எழுதித் தந்த விதிகளை வேதவாக்காகக் கொள்ளும். 'கணக்கு' நிரல் ஓடும்போது 'மாறிலிகள்' என்ற இன்னொரு கோப்பையும் திறந்து படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை விதியில் எழுதாவிட்டால், மாறிலிகள் எத்தனை முறை மாறினாலும் மேக் அசையாது. சி மொழியில் எழுதுவோருக்குத் தலைப்புக் கோப்புகளால் இந்தத் தொல்லை நெடுங்காலம் இருந்தது. ஒரு நிரல் எந்தெந்தத் தலைப்புக் கோப்புகளைப் படிக்கிறது என்று கம்பைலரையே பட்டியல் போடச் செய்து, அந்தப் பட்டியலை மேக்குக்கு ஊட்டுவது பிறகு வழக்கமாயிற்று. விடுபட்ட சார்பு இன்னொரு விதத்திலும் பழிவாங்கும். ஒவ்வொன்றாகச் செய்யும்போது தற்செயலாகச் சரியான வரிசையில் நடந்த வேலைகள், நான்கு நான்காக நடத்தும்போது முந்திக்கொள்ளும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. மறுபடி முயன்றால் ஓடும். இத்தகைய பிழையைத் துரத்திப் பிடிப்பது மிகக் கடினம்.

இதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறொன்று. விதியிலுள்ள கட்டளையையே நாம் மாற்றினாலும் மேக் கண்டுகொள்வதில்லை. கம்பைலருக்குத் தரும் குறிப்பை மாற்றலாம். புதிய கம்பைலரையே கொண்டுவரலாம். கோப்புகளின் நேரம் மாறவில்லையே, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்லும். செய்முறையை மாற்றினால் பண்டம் மாறும் என்பது சமையலறையில் சிறு குழந்தைக்கும் தெரியும்.

பாதியில் நின்ற வேலையையும் பாருங்கள். கட்டளை ஒன்று பாதிக் கோப்பை எழுதிவிட்டுப் பிழையோடு நின்றால், அந்த அரைகுறைக் கோப்பு அங்கேயே கிடக்கும். அதன் நேரம் புதியது. அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, இலக்கு தயாராக இருக்கிறது என்று முடிவு கட்டும். பிழை நேர்ந்தால் இலக்கை அழித்துவிடு என்று சொல்லும் வசதி குனு மேக்கில் இருக்கிறது. ஆனால் அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். காவற்காரனிடம் தினமும் 'கதவைச் சாத்து' என்று சொல்ல வேண்டுமென்றால் அவன் எதற்கு?

விளைவு என்ன? நிரலர்களிடையே ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் 'மேக் கிளீன்' என்று கட்டளையிட்டு, செய்தவை யாவற்றையும் அழித்து, முதலிலிருந்து தொடங்குவார்கள். வேண்டியதை மட்டும் செய்வதற்கென்று பிறந்த கருவியிடம் எல்லாவற்றையும் செய்யச் சொல்லும் நிலை! ஜான்சன் இழந்த காலைப்பொழுதை மிச்சப்படுத்த வந்த கருவி, அதைத் துண்டு துண்டாகத் திருப்பி வாங்கிக்கொள்கிறது எனலாம்.

பெரிய திட்டங்களில் இந்தக் கேடு பன்மடங்காயிற்று. ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனி விதிக்கோப்பு எழுதி, தலைமை மேக் ஒன்று மற்ற மேக்குகளை அழைக்கும் முறை பரவியது. ஒவ்வொரு மேக்கும் தன் அறைக்குள் உள்ளதை மட்டுமே காணும். முழு வலையை யாரும் காண்பதில்லை. இதன் தீமையைப் பீட்டர் மில்லர் 1998-இல் வெளியான கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். குற்றம் மேக்கிடம் இல்லை, அதற்குத் துண்டுபட்ட செய்தியைத் தருவோரிடம்தான் என்பது அவர் வாதம். பாதி நியாயம் அதில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எழுத்து

புதிதாக மேக் கற்பவர் முதலில் இடறி விழுவது இவை எதிலும் அன்று. விதிக்குக் கீழே எழுதும் கட்டளை வரி 'டாப்' என்னும் தாண்டல் விசையில் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளிகள் விட்டால் திரையில் அதே போலத்தான் தெரியும், மேக் ஏற்காது. 'பிரிப்பான் காணவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி மட்டும் வரும். எந்தப் பிரிப்பான், எங்கே என்று மாணவர் விழிக்க வேண்டியதுதான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எழுத்துகளுக்கு இரண்டு பொருள் கொடுப்பது கொடுமை அல்லவா?

ஃபெல்ட்மனே இதற்கு விளக்கம் கூறியிருக்கிறார். இலக்கணத்தை அலசுவதற்கு எடுத்துக்கொண்ட வழி சிக்கலாகவே, எளிதாக முடியட்டும் என்று தாண்டல் விசையை வைத்தார். சில வாரங்களில் சுமார் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். அவர்கள் எழுதி வைத்திருந்தவற்றைக் கெடுக்க மனமில்லாமல் அதை மாற்றாது விட்டார். பன்னிரண்டு பேருக்காகக் காட்டிய அந்தப் பரிவை இன்று உலகமெங்கும் மாணவர்கள் சுமக்கிறார்கள். அந்த எழுத்தை நாமே மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதி 2010-இல்தான் குனு மேக்குக்கு வந்தது. அதைப் பயன்படுத்துவோர் அரிது. விதிகளில் வரும் டாலர் குறியும் அதை ஒட்டி வரும் சிறு குறிகளும் மந்திரச் சக்கரத்து எழுத்துகள் போலிருக்கும். பழகினால் சரியாகிவிடும் என்பார்கள். பழகியவர்கள் சொல்வது அது.

பின் வந்தவர்கள்

மேக்கின் குறைகளை நீக்க வந்த கருவிகள் பல. எஸ்கான்ஸ் என்பது நேரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகையைக் கணித்து, அது மாறினால்தான் மாற்றம் என்று கொள்கிறது. நிஞ்ஜா நேரத்தையே நம்பினாலும், எந்தக் கட்டளையால் இலக்கைச் செய்தோம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. கட்டளை மாறினால் மறுபடி செய்யும். கூகுள் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பேசல் இன்னும் கடுமையானது. கைரேகை பார்ப்பதோடு, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு தனி அறையில் அடைத்து, விதியில் சொல்லாத கோப்பைத் தொட முடியாதபடி செய்யப் பார்க்கிறது. சொல்லாத சார்பு அங்கே மௌனமாக இருக்க முடியாது. வேலை நின்றுபோகும், நமக்குத் தெரிந்துவிடும்.

இவை மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் விலை உண்டு. கைரேகை கணிக்கக் கோப்பை முழுதும் படித்தாக வேண்டும். குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஒரு நாள் கெடலாம். பேசலை அமைத்து நடத்துவதற்கே பெரிய நிறுவனங்களில் ஆட்கள் வேண்டியிருக்கிறது. இருபது கோப்புகள் உள்ள ஒரு முதுகலைத் திட்டப்பணிக்கு அது எலி பிடிக்க யானையை வைத்துக்கொள்வது போலாகும். மேலும் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஃபெல்ட்மனின் அதே கருத்துத்தான் இருக்கிறது: இலக்கு, பண்டம், செய்முறை. மாறியதா என்று கேட்கும் வழிதான் மாறியிருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஒரே கணிப்பொறியில், ஒருவரோ இருவரோ செய்யும் ஆய்வு வேலைக்கு மேக்கை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வரைபடம் எந்த அளவீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் சுட்டிக்காட்ட ஒரு பக்கம் இருக்கும்; கட்டளைகளைக் கையால் அடித்துக்கொண்டிருக்கும் மாணவரிடம் அது இல்லை. ஆனால் 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று மேக் சொல்லும்போது அதை ஒரு முடிவாகக் கொள்ளாதீர்கள். விதிகள் முழுமையானவை, கடிகாரங்கள் ஒத்தவை, செய்முறை மாறவில்லை என்னும் மூன்று அனுமானங்களின் மேல் அது நிற்கிறது. அறிக்கையை ஒப்படைக்கும் நாளில் மட்டுமாவது எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்து பாருங்கள்.

விதிகள் முழுமையா என்பதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு; இன்றே செய்யலாம். மேக்கை ஒருமுறை முழுதும் ஓட்டி முடியுங்கள். பிறகு உங்கள் கணக்கில் பங்குபெறும் என்று நீங்கள் அறிந்த கோப்புகளில் ஒன்றை எடுத்து, 'டச்' என்னும் கட்டளையால் அதன் நேரத்தை மட்டும் புதுப்பியுங்கள். இப்போது '-என்' என்று போட்டு, என்ன செய்யப்போகிறாய் என்று மேக்கைக் கேளுங்கள். அறிக்கைவரை ஒவ்வொரு கட்டமும் பட்டியலில் வரவேண்டும். வந்துவிட்டால் மறுபடி முழுதும் ஓட்டிவிட்டு அடுத்த கோப்புக்குப் போகலாம். பட்டியல் காலியாக வந்தால், அந்தக் கோப்பின் பெயர் உங்கள் விதிகளில் எங்கோ விடுபட்டிருக்கிறது.